பிடிபட்ட சரக்கு எங்கே தூங்குகிறது?

2020 ஆகஸ்ட் 4-ம் தேதி மாலை. லெபனான் தலைநகர் பெய்ரூட்டின் துறைமுகத்தில் 12-ம் எண் கிடங்கில் தீப்பிடித்தது. தீயை அணைக்கப் பத்துப் பேர் கொண்ட ஒரு குழு போனது. உள்ளே என்ன இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. சற்று நேரத்தில் கிடங்கே வெடித்தது. அந்தப் பத்துப் பேரும் இறந்தார்கள். மொத்தத்தில் 200 பேருக்கும் மேல் பலி. சுமார் 3 லட்சம் பேர் வீடிழந்தார்கள். அங்கே இறக்கி வைக்கப்பட்டிருந்த சரக்கு 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட்.

இந்தக் காட்சியை டி.வி.யிலும் செல்போனிலும் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்த சென்னைக்காரர்களுக்கு இரண்டே நாளில் இன்னொரு செய்தி வந்தது. அதே அம்மோனியம் நைட்ரேட், ஏறக்குறைய 700 டன், மணலியில் ஒரு சரக்குப் பெட்டக நிலையத்தில் கிடக்கிறது. எப்போதிலிருந்து? 2015-லிருந்து. யார் வைத்தது? கடத்தல்காரர்கள் இல்லை. சுங்கத் துறை பறிமுதல் செய்து வைத்தது!

சுங்கப் பாதுகாப்பு என்றாலே எல்லோருக்கும் நினைவுக்கு வருவது விமான நிலையத்தில் பிடிபடும் தங்கமும், மேஜையில் பரப்பி வைத்து எடுக்கப்படும் போட்டோவும்தான். பிடித்துவிட்டார்கள், சபாஷ், அடுத்த செய்தி. ஆனால் பிடித்த பிறகு அந்தச் சரக்கு என்ன ஆகிறது என்று யாரும் கேட்பதில்லை. பாதுகாப்பைப் பலப்படுத்த வேண்டும் என்று பேசும்போதெல்லாம் ஸ்கேனர் வாங்குவதைப் பற்றித்தான் பேச்சு. உண்மையில் இந்த வேலைக்கு மூன்று படிகள் உண்டு. எதைத் திறப்பது என்று தெரிந்துகொள்வது, திறந்து பார்ப்பது, பிடித்ததை முடித்து வைப்பது. நடுவில் இருக்கும் படி மட்டும்தான் கண்ணுக்குத் தெரிகிறது. ஆபத்து மற்ற இரண்டில் ஒளிந்திருக்கிறது.

எல்லாவற்றையும் திறந்தால் என்ன?

நியாயமான கேள்விதான். சந்தேகமே வேண்டாம், எல்லாப் பெட்டியையும் திறந்து பார்த்துவிடலாமே?

ஒரு சின்னக் கணக்கு. சென்னைத் துறைமுகம் ஆண்டுக்கு 10 லட்சத்துக்கும் அதிகமான பெட்டகங்களைக் கையாள்கிறது (20 அடி பெட்டகம் ஒன்றை ஒன்றாக வைத்து எண்ணும் டி.இ.யு. கணக்கில்). ஏற்றுமதி, இறக்குமதி, காலிப்பெட்டி எல்லாம் இதில் அடக்கம். 365-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 2,700-க்கும் மேல். ஒரு பெட்டகத்தில் 25 கிலோ மூட்டையாக 20 டன் சரக்கு இருந்தால் 800 மூட்டைகள். அவற்றை இறக்கி, பார்த்து, மறுபடி ஏற்றக் கூலியாட்கள் வேண்டும், இடம் வேண்டும், பல மணி நேரம் வேண்டும். அதுவரை துறைமுகத்துக்கு டெமரேஜ் ஓடும். கப்பல் கம்பெனிக்கு டிடென்ஷன் ஓடும். பெட்டியில் இருப்பது ஆப்பிள் என்றால் கேட்கவே வேண்டாம்.

அமெரிக்காவே இதில் முட்டிப் பார்த்துவிட்டது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, அடுத்த குண்டு ஒரு சரக்குப் பெட்டியில் வந்தால் என்ன செய்வது என்ற பயம் அங்கே பிடித்துக்கொண்டது. 2007-ல் ஒரு சட்டமே போட்டார்கள். அமெரிக்காவுக்கு வரும் ஒவ்வொரு பெட்டகமும் கிளம்பும் துறைமுகத்திலேயே ஸ்கேன் செய்யப்பட வேண்டும், 2012 ஜூலைக்குள் 100 சதவீதம். கெடு வந்தது. தள்ளிப்போட்டார்கள். பிறகும் தள்ளிப்போட்டார்கள். அந்த 100 சதவீதம் இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. பணம் இருக்கிற நாட்டுக்கே முடியவில்லை.

ஸ்கேனர் வேண்டாம் என்பதல்ல. ஸ்கேனர் ஒரு படம்தான் காட்டும். பெட்டிக்குள் எதிர்பார்த்தது போன்ற அடர்த்தி, எதிர்பார்த்தது போன்ற அடுக்கு இருந்தால் படம் சாதாரணமாகவே தெரியும். வெள்ளைப் பொடி உரமா, வெடிமருந்தா என்று படம் சொல்லாது. அதைச் சொல்ல ரசாயனப் பரிசோதனைக் கூடம் வேண்டும். எந்தப் பெட்டியிலிருந்து மாதிரி எடுத்து அங்கே அனுப்புவது என்று முடிவு செய்ய ஒரு மனிதன் வேண்டும்.

காகிதம் சொல்லும் கதை

அந்த மனிதன் முதலில் பார்ப்பது பெட்டியை அல்ல, காகிதத்தை. பி.காம். பாடத்தில் மனப்பாடம் செய்யும் அதே சமாச்சாரங்கள்தான்: இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங், பில் ஆஃப் என்ட்ரி. பரீட்சைக்கு ஐந்து மார்க் கேள்வி. துறைமுகத்தில் அதுதான் முதல் காவல்காரன்.

அமெரிக்கா 2002-ல் கொண்டுவந்த 24 மணி நேர விதி இந்த யோசனையில் பிறந்ததுதான். வெளிநாட்டுத் துறைமுகத்தில் பெட்டியைக் கப்பலில் ஏற்றுவதற்கு 24 மணி நேரம் முன்பே அதன் விவரம் அமெரிக்க சுங்கத் துறைக்குப் போய்விட வேண்டும். சந்தேகம் வந்தால் அந்தத் துறைமுகத்திலேயே சோதனை. இதற்கான திட்டத்தில் சேர்ந்த துறைமுகங்களில் கொழும்பும் ஒன்று. 2005-ல் உலக சுங்க அமைப்பும் இதே வழியில் எல்லா நாடுகளுக்கும் பொதுவான தர நெறிமுறைகளை வெளியிட்டது. இந்தியாவில் 2018-ல் இதற்கான புதிய விதிமுறைகள் வந்தன. முழுமையாக நடைமுறைக்கு வருவதற்குத்தான் பலமுறை அவகாசம் நீட்டிக்கப்பட்டது.

இந்திய சுங்கத் துறையில் 2005-லிருந்து ஆபத்து மேலாண்மை என்ற கணினி முறை இருக்கிறது. எந்த நாடு, எந்தச் சரக்கு, எந்த இறக்குமதியாளர், என்ன விலை, இதற்கு முன் எப்படி நடந்துகொண்டார் என்பதையெல்லாம் வைத்து, எதைத் திறப்பது, எதை அப்படியே விடுவது என்று கணினி பிரித்துக்கொடுக்கும். 2011-லிருந்து இறக்குமதியாளரே தன் வரியைக் கணக்கிட்டு அறிவிக்கிறார். அதிகாரி தேவைப்பட்டால் சரிபார்க்கிறார். பெரும்பாலான சரக்கு திறக்கப்படாமலே வெளியே போகிறது. இது அலட்சியம் இல்லை. வேறு வழி இல்லை.

ஆனால் காகிதத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். 2021 செப்டம்பரில் குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்தில் இரண்டு பெட்டகங்களில் 2,988 கிலோ ஹெராயின் பிடிபட்டது. காகிதத்தில் இருந்தது டால்க் கல். முகப்பவுடர் செய்யப் பயன்படும் அதே கல்தான். சரக்கு ஆப்கானிஸ்தானுடையது, கப்பல் ஏறியது ஈரானின் பந்தர் அப்பாஸில். பெரிய பைகளின் அடியில் ஹெராயின், மேலே கல். இறக்குமதி செய்த நிறுவனத்தின் முகவரி விஜயவாடா. விஜயவாடாவுக்கு விசாகப்பட்டினம் பக்கம், கிருஷ்ணபட்டினம் பக்கம், சென்னையும் பக்கம்தான். இவ்வளவையும் விட்டுவிட்டு நாட்டின் மேற்குக் கோடியில் ஏன் இறக்க வேண்டும்? வழக்கு வந்தபோது நீதிமன்றமும் இதே கேள்வியைத்தான் கேட்டது. இதைக் கண்டுபிடிக்க எக்ஸ்ரே தேவையில்லை. இந்தியா மேப் போதும். இந்த முறை வருவாய் புலனாய்வுத் துறைக்குத் தகவல் கிடைத்திருந்ததால் பிடிபட்டது. தகவல் கிடைக்காத நாளில் அந்தக் கேள்வியைக் கேட்க யாராவது இருக்க வேண்டுமல்லவா?

மணலிக் கதையிலும் காகிதம்தான் முக்கிய பாத்திரம். 2015-ல் வந்தவை 37 பெட்டகங்கள், சுமார் 740 டன். அறிவித்தது உரத் தரம் என்று. உண்மையில் அது வெடிமருந்துத் தரம் என்றும், அதற்குரிய உரிமம் இல்லை என்றும் சொல்லி சுங்கத் துறை பறிமுதல் செய்தது. இதில் விசித்திரம் என்னவென்றால், சுங்கத் தீர்வைப் பட்டியலில் அம்மோனியம் நைட்ரேட் இருப்பதே 31-வது அத்தியாயத்தில்தான். அது உரங்களுக்கான அத்தியாயம்! ஆக எண்ணை மட்டும் பார்த்தால் அது உரம். 2012-ல் வெடிபொருள் சட்டத்தின் கீழ் வந்த அம்மோனியம் நைட்ரேட் விதிகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் அதற்குத் தனி உரிமம் வேண்டும் என்பது தெரியும். சென்னை சுங்க அதிகாரிகள் அதைச் சரியாகவே பார்த்தார்கள். முதல் இரண்டு படிகளும் பிசகில்லாமல் நடந்தன. பாராட்ட வேண்டிய விஷயம்.

கோட்டையின் சாவி

மூன்றாவது படிக்குப் போகும் முன் இன்னொரு ஓட்டையையும் சொல்லிவிட வேண்டும். மனிதர்கள்.

ஐரோப்பாவுக்குள் கொக்கைன் நுழையும் பெரிய வாசல் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகம். 2023-ல் மட்டும் அங்கே சுமார் 116 டன் பிடிபட்டது. கடத்தல்காரர்கள் அங்கே சுவர் ஏறிக் குதிக்கவில்லை. 2011 வாக்கில் துறைமுகக் கம்பெனிகளின் கணினிக்குள் நுழைந்து, தங்கள் பெட்டி எங்கே இருக்கிறது, அதை எடுக்க என்ன ரகசிய எண் என்று தெரிந்துகொண்டார்கள். உண்மையான லாரி வருவதற்கு முன்பே இவர்கள் லாரி வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விடும். இந்த விவகாரம் 2013-ல் வெளியே வந்தது. பத்து வருடம் கழித்தும், 2023-ல், ஐரோப்பிய போலீஸ் அமைப்பான யூரோபோல் இதே ரகசிய எண் மோசடியைப் பற்றி எச்சரித்தது. இப்போது கணினியை உடைக்கக்கூட வேண்டாம். அந்த எண்ணைப் பார்க்க முடிகிற ஒரு ஊழியரை விலைக்கு வாங்கினால் போதும்.

கோட்டையை எவ்வளவு பெரிதாகக் கட்டினாலும் சாவி ஒரு மனிதனின் பாக்கெட்டில்தான் இருக்கிறது. அதனால்தான் ஒரே ஆள் கையில் எல்லா அதிகாரமும் இருக்கக்கூடாது என்று தணிக்கைப் பாடத்தில் படிப்பது இங்கேயும் பொருந்துகிறது. இந்தியாவில் 2020-ல் சென்னையிலும் பெங்களூரிலும் முதலில் தொடங்கி, பிறகு நாடு முழுக்க வந்த முகமறியா மதிப்பீட்டு முறை ஒரு நல்ல முயற்சி. சென்னையில் இறங்கும் சரக்கின் காகிதத்தை வேறு ஊரில் இருக்கும் அதிகாரி பார்க்கலாம். அவர் யார் என்று இறக்குமதியாளருக்குத் தெரியாது. ஆனால் பெட்டியைத் திறந்து பார்ப்பவர் இங்கேதான் இருக்கிறார். இரண்டு பேரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை என்றால் நேர்மையான வியாபாரிக்குத் தாமதம் மிஞ்சும். அந்தத் தாமதத்தில்தான் லஞ்சம் முளைக்கும்.

மறுபடியும் மணலி

இப்போது அந்த மூன்றாவது படி.

பெய்ரூட்டில் நடந்தது என்ன? 2013-ல் ஜார்ஜியாவிலிருந்து மொசாம்பிக் போக வேண்டிய கப்பல் பெய்ரூட்டில் நின்றது, அங்கேயே முடங்கியது. 2014-ல் சரக்கை இறக்கி 12-ம் எண் கிடங்கில் வைத்தார்கள். 2014-க்கும் 2017-க்கும் இடையில் சுங்க அதிகாரிகள் நீதிபதிக்குக் குறைந்தது ஆறு கடிதங்கள் எழுதியதாகப் பிறகு வெளியான ஆவணங்கள் காட்டின. இது ஆபத்தானது, இதை என்ன செய்வது என்று சொல்லுங்கள் என்பதுதான் சாரம். ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்குக் காகிதம் நகர்ந்தது. சரக்கு நகரவில்லை. அங்கே ஆபத்து இருப்பது அதிகாரிகளில் பலருக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாது. தீயணைக்கப் போனவர்களுக்கும் தெரியாது.

மணலியில் சரக்கு பாதுகாப்பாகவே இருக்கிறது என்று சுங்கத் துறை 2020-ல் விளக்கம் சொன்னது. நல்லவேளை, அசம்பாவிதம் எதுவும் நடக்கவில்லை. ஆனால் ஐந்து வருடம்! மணலி என்பது எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும் இருக்கிற இடம். சுற்றிலும் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். 2015 வெள்ளத்தில் அந்தச் சரக்கில் ஒரு பகுதி நனைந்து வீணானது. சீனாவின் தியான்ஜின் துறைமுகத்தில் ரசாயனக் கிடங்கு வெடித்து 173 பேர் இறந்ததும் அதே 2015-ல்தான். அங்கேயும் அம்மோனியம் நைட்ரேட் இருந்தது, அங்கேயும் தீயணைப்பு வீரர்கள் கூட்டமாக இறந்தார்கள். அந்தச் செய்தி வந்தும் இங்கே பெட்டிகள் நகரவில்லை. நகர்ந்தது பெய்ரூட்டுக்குப் பிறகு. ஏலம் எடுத்த ஹைதராபாத் நிறுவனத்துக்கு ஆகஸ்ட் மாதமே லாரிகளில் சரக்கு கிளம்பியது. வருடக்கணக்கில் முடியாத வேலைக்கு, பயம் வந்த பிறகு சில நாட்களே தேவைப்பட்டன.

சட்டம் இல்லாததால் வந்த தாமதமா? இல்லை. 1962-ம் வருட சுங்கச் சட்டத்தின் 110-வது பிரிவிலேயே வழி இருக்கிறது. கெட்டுப்போகிற, ஆபத்தான சரக்குகளை வழக்கு முடியும் வரை வைத்திருக்க வேண்டியதில்லை. பட்டியல் எடுத்து, போட்டோவும் மாதிரியும் எடுத்து, மாஜிஸ்திரேட்டிடம் சான்று வாங்கிவிட்டு அப்புறப்படுத்தலாம். அந்தப் பட்டியலும் போட்டோவும் மாதிரியுமே வழக்கில் சாட்சியாகும். யாரும் எடுத்துக்கொள்ள வராத சரக்குக்கும் 48-வது பிரிவு இருக்கிறது. 30 நாள் கழித்து விற்கலாம். ஆபத்தான சரக்கு என்றால் அதற்கு முன்பே விற்கலாம்.

அப்படியானால் ஏன் நடப்பதில்லை? பிடிப்பதற்குப் பாராட்டு உண்டு. அப்புறப்படுத்துவதற்குப் பாராட்டு இல்லை. மாறாக, அவசரப்பட்டு விற்றுவிட்டு, பின்னால் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்திலோ உயர் நீதிமன்றத்திலோ இறக்குமதியாளர் ஜெயித்துவிட்டால், கையெழுத்துப் போட்ட அதிகாரிதான் பதில் சொல்ல வேண்டும். கையெழுத்துப் போடாமல் இருந்தால் யாரும் கேட்கப் போவதில்லை. எந்த அலுவலகத்திலும் இப்படிப்பட்ட நிலைமையில் ஃபைல் தூங்கத்தான் செய்யும். அவரைத் தனிப்பட்ட முறையில் திட்டிப் பயனில்லை. கையெழுத்துப் போடுவது சுலபமாகவும், போடாமல் இருப்பது கஷ்டமாகவும் ஆக வேண்டும்.

தூத்துக்குடியிலும் இதற்கு ஒரு சாயல் உண்டு. பழைய காகிதம் என்ற பெயரில் வந்த பெட்டகங்களைத் திறந்தால் உள்ளே அயல்நாட்டு வீட்டுக் குப்பை. பிடித்தாகிவிட்டது, சரி. திருப்பி அனுப்புவது யார், கப்பல் கூலி யார் தலையில்? அந்தச் சண்டை முடியும் வரை குப்பை துறைமுகத்திலேயே கிடக்கும்.

என்ன செய்யலாம்?

பெரிய செலவு இல்லாத சில விஷயங்கள்:

ஒன்று, ஆபத்தான சரக்கு பறிமுதல் செய்யப்பட்டால் அதை அப்புறப்படுத்த ஒரு கெடு. கெடு தாண்டினால் ஏன் என்று மேலதிகாரி எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். கெடுவுக்குள் விதிப்படி விற்ற அதிகாரிக்குப் பின்னால் தொந்தரவு வராது என்ற உறுதியும் வேண்டும்.

இரண்டு, ஒவ்வொரு சரக்குப் பெட்டக நிலையத்திலும் என்ன ஆபத்தான பொருள், எத்தனை டன், எந்த மூலையில், எத்தனை நாளாக இருக்கிறது என்ற பட்டியல் பக்கத்துத் தீயணைப்பு நிலையத்தில் இருக்க வேண்டும். பெய்ரூட்டின் அந்தப் பத்துப் பேருக்குக் கிடைக்காதது இந்த ஒரு தாள்தான்.

மூன்று, பரிசோதனைக் கூடங்களுக்கு ஆட்களும் கருவிகளும். மாதிரியின் முடிவு வரத் தாமதமாகும் ஒவ்வொரு நாளும் நல்ல வியாபாரிக்கு நஷ்டம், கெட்ட சரக்குக்கு இலவசக் கிடங்கு.

நான்கு, காகிதத்தைப் படிக்கும் ஆட்களுக்குப் பயிற்சி. கணினி சொல்லாத, மேப்பைப் பார்த்தால் தெரிகிற கேள்விகளைக் கேட்பதற்கு.

ஸ்கேனரும் வாங்கட்டும். நாய்ப் படையும் வரட்டும். ஆனால் ஒரு துறைமுகம் பாதுகாப்பானதா என்று கேட்டால், இந்த வருடம் எவ்வளவு பிடித்தோம் என்ற எண்ணை மட்டும் சொல்லிவிட்டுப் போகக்கூடாது. போன வருடம் பிடித்தது இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, எங்கே இருக்கிறது என்ற எண்ணையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மணலியிலிருந்து அந்த லாரிகள் கிளம்பியபோது ஊர் நிம்மதிப் பெருமூச்சு விட்டது. அதற்கு முந்தைய ஐந்து வருடமும் அதே ஊர் நிம்மதியாகத்தான் தூங்கியது. பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாததால் வந்த நிம்மதி அது. அந்த மாதிரி நிம்மதி எந்த ஊருக்கும் வேண்டாம்.